மேல்தளத்துச் சாப்பாடும் அப்பாவின் எட்டும்

வட கடல்
ஜூன் 9, திங்கட்கிழமை

அன்புள்ள இமோஜன் அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நியூசிலாந்தில், நெல்சனில் உனக்கு இப்போது குளிர்காலம். இங்கே இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போவதில்லை. அப்பா ஜன்னல் திரையை இழுத்து, அதன் ஓரங்களைத் துணி காயப்போடும் கிளிப்புகளால் கவ்வ வைத்துவிட்டுத் தூங்குகிறார். கிளிப்புகளை ஹல்லில் நம் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார். பெட்டி கட்டும்போது அவை எதற்கு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அவர் எதையும் காரணமில்லாமல் வைப்பவர் அல்ல.

கப்பலில் இணையத்துக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். ஆனால் நான் கடிதம் எழுத அது மட்டும் காரணமல்ல. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருப்பார். என்னால் சில விஷயங்களைக் காகிதத்தில்தான் சொல்ல முடியும் என்பது உனக்குத் தெரியும். நாளை நார்வேயின் ஸ்டவாங்கரில் கரையிறங்கும்போது இதைத் தபாலில் போடுவேன். (இல்லை, இன்றைக்கே. கடலில் கிழமை மறந்துவிடுகிறது.)

எழுபதாவது பிறந்தநாளுக்கு அப்பாவுக்கு நீ கொடுத்த பரிசைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தாய். மேல்தளத்து உணவகத்தில் நான்கு இரவுச் சாப்பாடு, அதுவும் பயணச்சீட்டில் அடங்காத தனிக் கட்டணத்தில். அது அந்தக் காசுக்குத் தகுமா, தகாதா என்று நேர்மையாக எழுதச் சொன்னாய். விளம்பரம் எழுதுகிறவர் மாதிரியும் எழுதக் கூடாது, அப்பா மாதிரியும் எழுதக் கூடாது என்றாய். முயற்சி செய்கிறேன்.

முதல் நாள் அப்பா மேலே வரவே மாட்டேன் என்றார். கீழே பெரிய கூடம் இருக்கிறது, அங்கே எல்லாம் பயணச்சீட்டிலேயே அடக்கம், மூன்று முறை கேட்டாலும் மூன்று முறை கொண்டு வருகிறார்கள். அப்படியிருக்க, கட்டின சாப்பாட்டை விட்டுவிட்டு மாடிக்குப் போய் மறுபடியும் காசு கொடுக்கிறவனுக்குப் புத்தி இருக்குமா என்று கேட்டார். ஆளுக்கு ஐம்பது பவுண்டு என்றால் நம் ஊர் ஹெஸில் ரோட்டில் ஐந்து வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் என்று கணக்கும் சொன்னார். அக்கா ஏற்கெனவே கட்டிவிட்டாள், போகாவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது என்றேன். அதற்குப் பிறகுதான் மேல்சட்டையை எடுத்தார். வீணாக்குவது அவருக்கு ஆடம்பரத்தை விடப் பெரிய பாவம்.

கீழ்க்கூடத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அதையும் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் எண்ணூறு பேர் சாப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் சூடாகவே வருகிறது. எங்கள் மேசையில் ராதர்ஹாமிலிருந்து வந்த டொரீன் என்ற பெண்மணியும் அவர் கணவரும் இருக்கிறார்கள். இது டொரீனுக்கு முப்பத்தொன்றாவது கப்பல் பயணம். எந்தப் படிக்கட்டில் கூட்டம் குறைவு என்பதிலிருந்து எந்த நாளில் இறால் நன்றாக இருக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். பரிமாறுகிற ஆர்னெல் முதல் இரவே எங்கள் பெயரை மனப்பாடம் செய்துவிட்டார். இப்போது அப்பாவுக்கு ஒரு புதுக் கவலை. நாம் மேலே போனால் ஆர்னெல் வருத்தப்படுவாரே என்று. ஞாயிறு மதியமே அவரைத் தேடிப் போய், "இன்னிக்கு ராத்திரி வர முடியாதுப்பா, என் பொண்ணு வேற எடத்துல சொல்லி வெச்சிட்டா, தப்பா நெனச்சுக்காத" என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். கல்யாண அழைப்பை மறுக்கிறவர் மாதிரி இருந்தது.

இனி மேல்தளம். பதினான்காவது தளம், மொத்தம் நாற்பது இருக்கைகள். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது சாப்பாடு இல்லை, சத்தமின்மை. கீழே எண்ணூறு கரண்டிகளின் ஓசை, இங்கே கடலின் ஓசை கூட இல்லை. ரொட்டி வந்தது. அதைச் சூடாக வைத்திருக்க ஒரு துணி, அந்தத் துணியைச் சூடாக வைத்திருக்க ஒரு வழவழப்பான கல். அப்பா கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

எங்களுக்குப் பரிமாறியவள் பெயர் மாரிவிக். பிலிப்பைன்ஸில் இலோய்லோ ஊர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா நாக்கு மீன் கேட்டார். முழு மீனை வெண்ணெயில் வறுத்து, தட்டோடு ஒரு சிறு தள்ளுவண்டியில் மேசைக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, நம் கண் முன்னால் முள்ளை எடுத்துத் தருவார்கள். கத்தி கிடையாது. ஒரு கரண்டியும் ஒரு முள்கரண்டியும்தான்.

நாற்பத்து நான்கு வருஷம் மீன் வெட்டிய மனிதர் முன்னால் ஒருவர் மீன் வெட்டுவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார். அப்பா நாற்காலியை அரை அடி நகர்த்திப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மாரிவிக் பாதியில் நிறுத்திச் சிரித்தாள்.

"ஐயா, எல்லாரும் என் முகத்தப் பாப்பாங்க, இல்லன்னா போன்ல படம் புடிப்பாங்க. நீங்க முள்ள மட்டும் பாக்குறீங்க. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கலியே," என்றார் அப்பா. "நடுங்கினா எனக்குத் தெரியும்."

அவள் ஓரத்துச் சிறு முட்களை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். கரண்டியின் விளிம்பால் நடுவில் ஒரு கோடு. மேல் சதை இரண்டு துண்டாக விலகியது. பிறகு தலைப் பக்கத்தில் நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினாள். முழு முள்ளும் ஒரே மூச்சில் சீப்பு மாதிரி எழுந்து வந்தது. சதையில் ஒரு கீறல் இல்லை. அப்பா அந்த முள்ளைக் கொண்டு போக விடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அதன் பிறகு, சாப்பிட்டு முடிக்கும் வரை, விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் சாப்பிட்டேன் அக்கா. அந்த மீனைப் பற்றி நான் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். வெண்ணெய், எலுமிச்சை, உப்பு. வேறு ஒன்றும் இல்லை. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத சமையல். உன் சமையல் ஞாபகம் வந்தது.

அறைக்குத் திரும்பும் வழியில் அப்பா, வழக்கம்போல், அவளுக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண்ணைச் சொன்னார். அது என்ன என்று இந்தக் கடிதத்தில் சொல்ல மாட்டேன்.

உன் நலம் நாடும்,
பிரையனி


பெர்கன்
ஜூன் 12, வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுகத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரே இருக்கிறார். காகிதக் கைக்குட்டையில் ஏதோ கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் இருவரும் காலையிலிருந்து சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய் இரவு இரண்டாம் முறை மேலே போனோம். அன்று ஏழு வகைச் சாப்பாடு. அதில் இரண்டு வெறும் வித்தை. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் புகையை அடைத்து இறைச்சி கொண்டு வந்தார்கள். தீப்பிடித்தால் மூடி போட்டு அணைப்பார்கள், இவர்கள் மூடி போட்டுக் கொளுத்துகிறார்களே என்று அப்பா மாரிவிக்கிடம் சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மற்ற ஐந்தும் அருமை. முக்கியமாக ஒரு நண்டுச் சாறு. ஒரு சின்னக் கிண்ணம்தான், ஆனால் அதைக் குடித்த பிறகு நான் வெகுநேரம் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, ருசி போய்விடும் என்று. இந்தப் பரிசுக்காக உன்னை எத்தனை முறை மனத்துக்குள் வாழ்த்தினேன் என்று எண்ணவில்லை.

மறுநாள் காலை அறைக் கதவுக்கடியில் ஒரு அட்டை வந்தது. பயணம் பாதி முடிந்ததும் எல்லோருக்கும் தருவார்களாம். மேல்தளத்து உணவகத்துக்குப் பத்துக்கு எத்தனை, பரிமாறியவர் யார், அவருக்கு எத்தனை. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, பேனாவை உதறி, மாரிவிக் பெயருக்கு எதிரே எட்டு என்று எழுதினார். கீழே, "மிக நல்ல வேலை. குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று வழியில் சொன்ன எண்ணும் அதுதான். அக்கா, இதை எழுதக் கை தயங்குகிறது. பக்கத்து ஊர் பெவர்லியில் உன் முதல் சாப்பாட்டுக் கடை திறந்த வாரம், நீ சமைத்த ஹாலிபட் மீனைச் சாப்பிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் ஏழு என்றார். நீ சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. அடுத்த வருஷம் நியூசிலாந்து போய்விட்டாய். ஒரு கப்பல் பணிப்பெண்ணுக்கு உன்னை விட ஒன்று அதிகம். முன்பின் தெரியாதவளுக்கு. அந்த எண்ணை முதல் கடிதத்திலேயே எழுதாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கேள். புதன் இரவு கீழ்க்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேல்தளத்து உணவகத்தின் மேலாளர், ஓவிடியு என்ற ருமேனியர், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எங்கள் மேசைக்கு இறங்கி வந்தார். முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

"சார், நாங்க எந்த எடத்துல தவறிட்டோம்னு சொன்னா திருத்திக்குவோம்."

"தவறா? எட்டு போட்டிருக்கேனே," என்றார் அப்பா.

"ஆமா சார். அதான் சார்."

மேலாளர் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். டொரீன்தான் விளக்கினார்.

"அய்யய்யோ கிளைவ், எட்டா போட்டீங்க? இங்க பத்துன்னா நல்லாருக்கு, ஒன்பதுன்னா பரவால்ல, எட்டுன்னா புகார். நான் முப்பத்தொரு பயணத்துல பத்துக்குக் கீழ போட்டதே கெடையாது. ஒருதடவ சூப்புல ஈ கெடந்துச்சு. அதுக்கும் பத்துதான்."

அப்பா டொரீன் பக்கம் திரும்பினார். "அப்ப எதுக்குங்க ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் அச்சடிச்சு வெச்சிருக்காங்க?"

டொரீன் ரொட்டிக் கூடையை அப்பா பக்கம் தள்ளினார்.

அறைக்குப் போனால் மேசையில் ஒரு தட்டு நிறைய சாக்லேட்டும் ஒரு மன்னிப்புக் குறிப்பும். அப்பா தொடவில்லை. செய்யாத தப்புக்கு வந்த சாக்லேட் என்றார்.

இன்று காலை பஃபேயில் சிற்றுண்டிக்குப் போனோம். தட்டுகளுக்குப் பின்னால் இடுக்கியும் கையுமாக முட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் மாரிவிக். மேல்தளத்துக் கறுப்பு உடை இல்லை, பஃபேயின் கோடு போட்ட சட்டை. "ரெண்டு முட்டையா ஐயா, மூணா?" என்று அதே சிரிப்போடு கேட்டாள். அப்பா இரண்டு என்றார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் அந்த இரண்டையும் தொடவில்லை.

அவர் காபி எடுக்கப் போனபோது நான் அவளிடம் தனியாகப் போய்க் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள். போன பயணத்தில் யாரோ ஒருவர் சூப் ஆறிவிட்டது என்று ஏழு போட்டார். இப்போது எட்டு. இரண்டு குறை சேர்ந்தால் விசாரணை முடியும் வரை பஃபே. இந்தப் பயணத்தின் முடிவில் தலைமைப் பணியாளர் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அந்த இடம் கிடைத்தால் ஒன்பது மாத ஒப்பந்தம் ஆறு மாதமாகும். இலோய்லோவில் அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். வருஷத்தில் மூன்று மாதம் கூடுதலாக மகளோடு இருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். கடைசியில், "உங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பாவம், அவர் நல்ல மனசோட போட்டது" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். பயண முடிவில் இன்னொரு அட்டை வரும், அதில் பத்து போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை உன்னால் கற்பனை செய்ய முடியும்.

"பத்து போட்டா பொய். மேற்பார்வை பாத்த பதினஞ்சு வருஷத்துல நான் ஒருத்தனுக்கும் பொய் மார்க் போட்டதில்ல. கூடவும் போட்டதில்ல, கொறச்சும் போட்டதில்ல."

ஒரு குழந்தையின் மூன்று மாதத்தை விட உங்கள் நேர்மை பெரிதா என்று கேட்டேன். அக்கா, நான் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. யாரிடமும் பேசியதில்லை. அந்தக் கேள்வி மாரிவிக்குக்காக மட்டும் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் கடையில் இரண்டு காபிக்கு நூறு குரோனர் என்று சீட்டு வந்தது. அப்பா முகம் வெளுத்துப் போனது. கப்பலில் மாற்றி வந்த நோட்டுகளை எடுத்துப் பிரித்து வைத்து, கைக்குட்டையில் கணக்குப் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் முன்பு, "நூறுன்னதும் பயந்துட்டேன், நம்ம காசுல ஏழரைதான்" என்றார். காலைக்குப் பின் அவர் பேசிய முதல் வாக்கியம். இன்னும் ஏதோ போட்டுக்கொண்டே இருக்கிறார். ஏழரைக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. இப்போதே போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழித்துவிடுவேன். கோபப்படாமல் படி. அல்லது கோபப்பட்டுக்கொண்டே படி, ஆனால் எனக்கு எழுது.

அன்புடன்,
பிரையனி


ஹல்
ஜூன் 24, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். வந்த திங்கட்கிழமையே நூலகத்தில் வேலைக்குப் போய்விட்டேன். அப்பா தோட்டத்துப் பட்டாணிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருக்கிறார். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால் மீதியை அவசரமாக எழுத வேண்டியிருக்கிறது.

பெர்கனிலிருந்து கப்பலுக்குத் திரும்பிய அன்று மாலை மூன்றாவது சாப்பாடு. ஓவிடியு தானே வந்து பரிமாறினார். அப்பா நாக்கு மீன் கேட்டார். வண்டி வந்ததும், கரண்டியையும் முள்கரண்டியையும் என்னிடம் கொடுங்கள், இன்று நான் எடுக்கிறேன் என்றார். மேலாளர் இரண்டையும் துணியால் துடைத்து நீட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது.

அப்பா எழுந்து நின்று, சட்டைக் கையை மடக்கிக்கொண்டார். கத்தி இருந்திருந்தால் அது ஒரு நிமிட வேலை. கரண்டி அவருக்குப் பழக்கமில்லை. மூட்டு வலியால் விரல்களும் முன்போல மடங்குவதில்லை. நடுக்கோடு வளைந்தது. முள்ளைத் தூக்கியபோது பாதியில் ஒடிந்து, சதையில் பாதி அதோடு வந்தது. தட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அவர் வெட்கப்படவே இல்லை. தட்டை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது ஆறு. அதுவும் கொஞ்சம் தாராளமாப் போட்டா. ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு செஞ்சது எட்டு. இப்ப ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு பாத்துக்குங்க."

பிறகு உட்கார்ந்து, அவர் மீன் கொட்டகையில் மதிப்பெண் போட்ட விதத்தைச் சொன்னார். வெட்டிய மீன் தட்டுகளில் மேற்பார்வையாளர் சாக்கட்டியால் எண் எழுதுவார் என்று நமக்குத் தெரியும். கடைசிப் பதினைந்து வருஷம் அப்பாவே எழுதினார் என்பதும் தெரியும். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று நீயோ நானோ கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. அவர் உலகத்தில் அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பத்து என்றால் முள்ளில் ஒன்றுமே ஒட்டியிருக்கக் கூடாது. அப்படி ஒரு மீன் இன்னும் பிறக்கவில்லை. ஒன்பது அவர் ஒரே ஒருமுறை பார்த்தார், அந்த ஆள் அடுத்த வாரமே விரலை வெட்டிக்கொண்டான். எட்டு, நாற்பத்து நான்கு வருஷத்தில் இரண்டு பேர். மாரிவிக் மூன்றாவது. ஐந்துக்குக் கீழே என்றால் தட்டு திரும்பி வரும். ஆறு என்றால் மேற்பார்வையாளர் மணிக்கொரு முறை வந்து பார்ப்பார்.

"அப்ப ஏழு, சார்?" என்று மேலாளர் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே சுவாரசியம் வந்துவிட்டது.

"ஏழு போட்டுட்டா அந்த ஆள் மேசைப் பக்கமே போக மாட்டோம். அவன் பாத்துக்குவான். இனிமே நாம நின்னு பாக்கத் தேவையில்ல."

அக்கா, நான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உடைந்த மீனைச் சாப்பிட ஆரம்பித்தார். நீ போன பிறகு ஒருமுறை கூட, அங்கே உன் கடை எப்படி நடக்கிறது, எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் கேட்காதது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாம் இருவரும் அதற்கு ஒரே காரணத்தைத்தான், உன் சமையல்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பதைத்தான், இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம்.

மேலாளர் நல்ல மனிதர். எல்லாம் புரிகிறது, ஆனால் கணினிக்குப் புரியாதே சார் என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து பெர்கன் காபிக் கடையின் கைக்குட்டையை எடுத்தார். அங்கே உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு அதில் இருந்தது. நம் ஏழரை அங்கே நூறு. அதற்காக அந்தக் காபிக்காரி பொய் சொன்னாள் என்று ஆகுமா, ஊர் வேறு, காசு வேறு, மாற்றித்தானே கொடுக்க வேண்டும் என்றார். மேலாளர் சிரிக்காமல் தலையாட்டினார்.

வெள்ளி காலை வந்த கடைசி அட்டையில் அவர் பத்து என்று எழுதினார். அதற்குக் கீழே இடம் போதாமல், கப்பல் தாளில் ஒரு பக்கம் முழுக்கத் தன் பெரிய எழுத்தில் விளக்கம் எழுதி இணைத்தார். "என் கணக்கில் இவர் எட்டு. உங்கள் கணக்கில் அது பத்து. முதல் அட்டையில் மாற்றாமல் எழுதியது என் தவறு, அவர் தவறு அல்ல. கிளைவ் ஸ்டாதர்ஸ், மேற்பார்வையாளர் (ஓய்வு)." வரவேற்பு மேசையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டு வாங்கினார்.

அன்று இரவு கடைசிச் சாப்பாடு. கதவருகே கறுப்பு உடையில் மாரிவிக் நின்றிருந்தாள். மீன் வந்தது. அவள் கரண்டியை எடுத்ததும் அப்பா தன் நாற்காலியை மெதுவாகத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னங்க ஐயா, இன்னிக்கு முள்ளப் பாக்கலியா?" என்று அவள் கேட்டாள்.

"தேவையில்லம்மா," என்றார் அப்பா.

நான் மட்டும் பார்த்தேன். முள் அன்றைக்கும் ஒரே மூச்சில்தான் வந்தது.

அப்படியானால் உன் கேள்விக்குப் பதில். புகைக் கூண்டுக்குத் தகாது. சூடான கல்லுக்கும் தகாது. பசிக்கு மட்டும் என்றால் கீழ்க்கூடமே போதும், ஆர்னெல் கொண்டு வரும் பன்றிக்கறிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாற்பதே பேர் உள்ள அறையில், தன் வேலையை நன்றாகத் தெரிந்த ஒருவர் உன் ஒரு மீனுக்காக அவசரமில்லாமல் நிற்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. நண்டுச் சாறும் எனக்கு மறக்காது. தகும், அக்கா. நான் மறுபடியும் போவேன், என் சொந்தக் காசில்.

நேற்று ஓவிடியுவிடமிருந்து இரண்டு வரி வந்தது. மாரிவிக்குக்குத் தலைமைப் பணியாளர் இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பரிலிருந்து ஆறு மாத ஒப்பந்தம். அப்பாவின் தாளை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரி" என்றார். பட்டாணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

பாதி வழியில் திரும்பி வந்து என்னிடம் ஒன்று கேட்டார். அதைத் தெரிந்து சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் முன்னுரை. உன் கடையில் ஒரு மேசைக்கு எத்தனை நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டார். நவம்பரில் விமானக் கட்டணம் குறைவு என்று விசாரித்து வைத்திருக்கிறார். முழு விலை வாங்க வேண்டுமாம், மகள் என்று குறைக்கக் கூடாதாம். இன்னொன்றும் சொன்னார். நாற்காலி சமையலறைக்கு முதுகு காட்டுகிற மாதிரி இருக்க வேண்டுமாம்.

அப்படி ஒரு மேசை உன்னிடம் இருக்கிறதா, அக்கா? எனக்கு வேண்டாம், அவருக்கே எழுது. தபால்காரர் வருகிற நேரத்தில் இப்போதிருந்தே அவர் தோட்டத்து வாசலில்தான் நிற்கிறார், பட்டாணியைப் பார்ப்பது போல.

உன் அடுப்புக்கும் உன் கைக்கும் என்றும் நல்லதே நடக்கட்டும்.

உன் தங்கை,
பிரையனி